கேட்டு வந்த பிள்ளையள்

மாமி செத்ததற்கு ஒருவரும் பொறுப்பில்லையாம்.

லென்ஸ்மான் வந்து சொன்னார். லென்ஸ்மான் என்றால் நாட்டுப்புறத்துக்குப் பொறுப்பான பொலிஸ் அதிகாரி. ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில், எங்கள் வீட்டுச் சோபா நுனியில் இருந்துகொண்டு, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்தபடி, மெதுவாகத்தான் சொன்னார். என்னுடைய நொர்வேஜிய மொழி அவ்வளவு திறமில்லை. பிழையாக விளங்கிவிட்டதோ என்று திருப்பிக் கேட்டேன்.

"ஒருவருமே இல்லையா?"

"ஒருவரும் இல்லை."

ஒரு மனிசி செத்துப் போயிருக்கிறார். ஒருவரிலும் பிழையில்லை. அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள். ஒரு பேக்கரியின் பின்பக்கத்தில் தட்டு அடுக்குகிற வேலை. சட்டம் தெரியாது. மாமியைத்தான் தெரியும்.

அவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கேட்காமல் எழுதினால் பேச்சு விழும். இப்போது கேட்கவும் வழியில்லை.

மாமி என் அப்பாவின் அக்கா. எனக்குப் பதினைந்து வயதில் என்னை ஒஸ்லோவுக்குக் கூப்பிட்டு வைத்திருந்தவர். அவருக்கு உலகத்தில் இரண்டே இரண்டு சட்டம்தான். வரும்போது கேட்டு வர வேண்டும். போகும்போது சொல்லிப் போக வேண்டும். கறியை அடிப்பிடிக்க விட்டால் ஒரு சின்ன முணுமுணுப்பு. பொய் சொன்னால் இரண்டு பேச்சு, பிறகு சாப்பாடு. ஆனால் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினேனோ, நாலாம் மாடிப் பல்கனியில் வந்து நின்று ரொம்சோஸ் முழுக்கக் கேட்கக் கத்துவார்.

"எடியே! ஆருக்குச் சொல்லிப்போட்டுப் போறாய்? உது வீடோ, பஸ் ஸ்ராண்டோ?"

நான் திரும்ப ஏறிவர வேண்டும். சப்பாத்தோடு வாசலில் நின்று, "போட்டு வாறன் மாமி" என்று சொல்ல வேண்டும். அவர் அடுப்பைப் பார்த்தபடியே, "ம், போட்டு வா" என்பார். அவ்வளவுதான். அதற்குள் பஸ் போய்விடும்.

"மாமி, பஸ் போட்டுது."

"அது சொல்லாமல் போற சாதி. நீ அடுத்ததிலை போ."

மாமிக்கு ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. வேலை முடிந்து கோட்டைப் போட்டபிறகு ஒவ்வொரு அறைக் கதவாகத் தட்டி, தான் போவதையும் நாளைக்கு வருவதையும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவார். அதற்குச் சம்பளம் கிடையாது. மேலாளர் பெண் ஒருநாள் கூப்பிட்டு, அது தேவையில்லை, நீங்கள் லிஃப்டுக்குப் போகமுதலே அவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்று சொன்னாராம். மாமி வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "மறதி அவைக்கு. எனக்கு என்ன மறதியோ?"

அடுத்த நாளும் கதவு கதவாகத் தட்டினார்.

மாமா இறந்த கதையையும் அவர் இப்படித்தான் சொல்வார். எங்கள் சொந்தக்காரர் பலதரம் கேட்ட கதை. ஆஸ்பத்திரியில் மாமா சீனி போடாத கோப்பி கேட்டிருக்கிறார். மாமி கீழே போய் வாங்கிக்கொண்டு வர, ஆள் போய்விட்டார்.

"கோப்பியைக் கொண்டா எண்டிட்டு, மனிசன் பின்னாலை போட்டுது பாத்தியளோ? அஞ்சு நிமிசம் பொறுக்கேலாதோ? ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போனால் ஆருக்கு என்ன நட்டம்?"

கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்குவார்கள்.

சண்டை நின்றிருந்த காலத்தில் ஒருமுறை ஊருக்குப் போய் வந்தார். அவரின் வீடும் காணியும் ஆமி முகாமுக்குள். முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க விட்டார்களாம். திரும்பி வந்து சூட்கேசைத் திறக்காமலே கட்டிலில் இருந்தார். "என்ர வீட்டைப் பாக்க என்னட்டைப் பெமிசன் கேக்கிறான் ஒரு பெடியன். அவன் இருக்கிறதுக்கு என்னட்டை ஆர் கேட்டது?"

அந்த வருசமே லில்லெஸ்ட்ரோமுக்கு அங்காலே, பஸ்ஸில் கனதூரம் போகிற இடத்தில், ஒரு ஹித்தையும் அதோடு சேர்ந்த காட்டையும் வாங்கினார். ஹித்தை என்றால் நொர்வேக்காரர் லீவுக்குப் போய்த் தங்குகிற சின்ன மரவீடு. குழாய்த் தண்ணீர் இல்லை. வாசலில் ஒரு கிணறு, பின்னால் ஒரு மரக் கக்கூசு. காணிக்கு நடுவே ஒரு சின்ன ஆறு. எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் சித்தப்பா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார். அவர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர். அதனால் எதைப் பார்த்தாலும் தீர்ப்புச் சொல்லுவார்.

"அக்கா, உதிலை பேயும் இராது."

"நல்லதுதானே. பேய் கேட்டோ வரப்போகுது?"

முதல் கூடாரத்தை நாங்கள் பார்த்தது ஒரு சனிக்கிழமை காலமை. மாமி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். நான்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கிடையில் செம்மஞ்சளாக ஏதோ தெரிகிறது என்று சொன்னேன். தட்டகப்பையைக் கையில் வைத்தபடியே மாமி கல்லுக் கல்லாக மிதித்து ஆற்றைக் கடந்து போனார். நான் பின்னால் ஓடினேன்.

ஒரு வெள்ளைக்காரன் பல்லு விளக்கிக்கொண்டு நின்றான். எங்களைக் கண்டதும் வாயில் நுரையோடு கையைத் தூக்கி, நல்ல வெயில் என்றான்.

"ஆரைக் கேட்டு வந்தனி எண்டு கேள்" என்றார் மாமி. நான் கேட்டேன்.

ஒருவரையும் கேட்கத் தேவையில்லை என்று அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். கெட்ட சிரிப்பில்லை. மழை மேலேயிருந்து பெய்யும் என்று சொல்வது போலச் சொன்னான்.

மாமி என்னைக்கொண்டு லென்ஸ்மானுக்குப் போன் எடுப்பித்தார். பக்கத்தில்தான் நின்றேன் என்று சொல்லி அவரே காரில் வந்துவிட்டார். நரைத்த, உயரமான மனிதர். மாமி அவருக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, பிறகுதான் முறைப்பாட்டைத் தொடங்கினார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விளக்கம் சொன்னார். இது தோட்டமோ வயலோ இல்லை, காடு. இந்த நாட்டில் காட்டுக்குள் யாரும் போகலாம். ஆள் இருக்கிற வீட்டிலிருந்து நூற்றைம்பது மீற்றர் தள்ளிக் கூடாரம் அடிக்கலாம். இரண்டு இரவு தங்கலாம். கேட்கத் தேவையில்லை.

"அப்ப இது என்ர காணி இல்லையோ?"

"உங்கள் காணிதான்."

"என்ர காணியெண்டால் அவன் ஏன் நிக்கிறான்?"

"அவருக்கு உரிமை இருக்கிறது."

மாமி என்னைப் பார்த்தார். "பிள்ளை, இந்தாள் என்ன சொல்லுது? வடிவாக் கேள்."

"அதைத்தான் மாமி சொல்லுறார்."

மாமி வாசல்படியில் இருந்துவிட்டார். தட்டகப்பை மடியில் கிடந்தது. ஒரு மனிசிக்கு முகம் அப்படி வெளுத்ததை நான் அதற்கு முதல் கண்டதில்லை. பிறகு சொன்னார்:

"ஆமிக்காரன் துவக்கோடை வந்தான். அது விளங்கிச்சு. இவன் பல்லு விளக்கிக்கொண்டெல்லோ நிக்கிறான்."

அந்த வருசம் முழுக்கச் சட்டத்தோடு மல்லுக்கட்டினார். தோட்டம் செய்கிற நிலத்தில் கூடாரம் போட முடியாது என்று சித்தப்பா வாய்விட்டுவிட்டார். அவ்வளவுதான். மாமி பேர்ச் மரங்களுக்கு நடுவில், வெயிலே விழாத இடமெல்லாம் கொத்தி உருளைக்கிழங்கு நட்டார். என் முதுகு முறிந்தது. முளைத்ததை எல்லாம் மான் தின்றுவிட்டது.

"மானாவது கேட்டுதோ?" என்று சித்தப்பா பகிடிவிட்டார்.

"மானுக்கு வாயில்லை. உனக்கு இருக்கு, அதைப் பொத்து."

பிறகு முள்ளுக்கம்பி அடித்தார். ஒரு மரத்திலிருந்து மற்ற மரத்துக்கு, சனம் நடக்கிற பாதைக்குக் குறுக்கே. யாரோ அறிவித்திருக்க வேண்டும், லென்ஸ்மான் திரும்பவும் வந்தார். இந்தமுறை கதிரையில் இருக்கவில்லை. கம்பியை ஒரு விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டு கதைத்தார். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். காட்டில் மரம் முறிந்து விழுந்தால் வந்தவரின் பாடு. கல்லில் வழுக்கினாலும் ஆற்றில் விழுந்தாலும் வந்தவரின் பாடு. அதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் நீங்கள் கட்டின ஒன்றில் ஒரு பிள்ளை கழுத்தை வெட்டிக்கொண்டால் அது உங்கள் பாடு.

மாமி சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது சரி," என்றார்.

பொலிஸ்காரன் ஒருவனுக்கு மாமி சரி சொன்னது அன்றைக்குத்தான். பொழுதுபடமுதல் குறடு எடுத்து எல்லாக் கம்பியையும் தானே வெட்டிச் சுருட்டினார். என்னைத் தொடவிடவில்லை. கை இரண்டும் கீறிக் கிழிந்து கிடந்தது. "நான் அடிச்ச கம்பி" என்றார், கேட்காமலே.

அதற்குப் பிறகு அவர் கூடாரங்களோடு ஒரு மாதிரிச் சமாதானத்துக்கு வந்துவிட்டார். சமாதானம் என்றால், வந்தவர்களுக்கு முதலில் பேச்சு, பிறகு ரொட்டி. தமிழில் பேசிப் பேசியே சுடச்சுட ரொட்டியும் சம்பலும் கொடுப்பார். அந்தச் சனம் உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டு நன்றி சொல்லும். "கேக்காமல் வந்ததுக்கு ஒரு ரொட்டி. கேட்டிருந்தால் ரெண்டு கிடைச்சிருக்கும் எண்டு சொல்லு பிள்ளை" என்பார். நான் சொல்லமாட்டேன்.

ரொட்டி கொண்டுபோகக் கல்லில் மிதித்து மிதித்துச் சப்பாத்து நனைகிறது என்று ஒரு பாலம் போட்டார். பேக்கரிக்கு மா மூட்டை வருகிற மரப்பலகைத் தட்டுகள் பின்பக்கத்தில் சும்மா கிடந்தன. அதைக்கூட முதலாளியைக் கேட்டுத்தான் எடுக்க விட்டார். எறிகிற சாமானுக்கு ஏன் கேட்கிறாய் என்று முதலாளி முழித்தார். இரண்டு மரக்குத்தியை ஆற்றுக்குக் குறுக்கே போட்டு, மேலே பலகைகளை வைத்து மாமியே ஆணி அடித்தார். ஒரு பக்கம் சரிந்த, பார்க்கச் சிரிப்பு வருகிற பாலம். கூடாரக்காரர் கிணற்றுத் தண்ணிக்கும் கக்கூசுக்கும் அதால்தான் வந்து போனார்கள்.

சித்தப்பா அதில் ஏறி ஆட்டிப் பார்த்தார். "அக்கா, கல்லிலை வழுக்கினால் அவன்ர பாடு. இனி இந்தப் பலகையிலை வழுக்கினால் உங்கட பாடு. தெரியுமோ?"

"ஓம். அப்ப நான் பாத்துக்கொள்ளுறன்."

பார்த்துக்கொண்டார். மழை பெய்தால் போதும், குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பலகை பலகையாகக் குத்திப் பார்ப்பார். கூடாரம் நின்றால் அங்கே போய், தண்ணி குறையுமட்டும் பாலத்தில் ஏறவேண்டாம் என்று கையாலும் காலாலும் நடித்துக் காட்டுவார்.

பிறகு அந்த இரண்டு பேரும் வந்தார்கள். இலை மஞ்சளாகத் தொடங்கின ஒரு வெள்ளிக்கிழமை. கதவு தட்டப்பட்டது. அந்தக் கதவை அதுவரை ஒருவரும் தட்டினதில்லை. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண், தாடி வைத்த ஒரு பெடியன். முதுகில் பெரிய பைகள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்று இரவு தங்கலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். திங்கட்கிழமை போய்விடுவோம் என்றாள்.

நான் மொழிபெயர்க்கமுதலே மாமிக்கு விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, கேக்குதுகள்! கேக்குதுகளெடி!"

பிறகு வீட்டில் ஒரே கொண்டாட்டம். தேத்தண்ணி, முறுக்கு, திரும்பத் தேத்தண்ணி. சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்ற இரண்டு பேரையும் இழுத்து உள்ளே இருத்தினார். அந்தப் பெண்ணின் தலையைத் தொப்பியோடு தடவினார். அதுகள் கூச்சத்தில் சிவந்துபோய்ச் சிரித்தன. அவர்கள் கூடாரம் அடிக்கப் போனபிறகு மாமி எல்லிங்ஸ்ருட்டுக்குப் போன் எடுத்தார்.

"டேய், இண்டைக்கு ரெண்டு பிள்ளையள் கேட்டு வந்திருக்குதுகள். ஓமடா, வெள்ளைக்காரப் பிள்ளையள்தான். தாய் தேப்பன் என்ன வடிவா வளத்திருக்கினம்!"

எனக்கு அடுத்த நாள் வேலை. பின்னேர பஸ்ஸில் ஒஸ்லோ திரும்ப வேண்டும். வாசலில் நின்று, "போட்டு வாறன் மாமி" என்றேன். அவர் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டு, "ம், போட்டு வா" என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் மழை தொடங்கியது. ஞாயிறும் விடவில்லை. பேக்கரியில் சூடான தட்டுகளை இழுத்துக்கொண்டு நின்றபோது மாமி போன் எடுத்தார். மழைச் சத்தத்தில் அவரின் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"பிள்ளை, ஆறு பாலத்தைத் தொடுது."

"நீங்கள் உள்ளுக்கு இருங்கோ மாமி."

"மழைக்குள்ளை அங்காலை ஒண்டும் தெரியேல்லை. அதுகள் அங்கை நிக்குதுகளெல்லோ. தண்ணியெடுக்க வருங்கள். பாலம் நான் போட்டது."

"இந்த மழைக்குள்ளை ஆர் மாமி நிப்பினம்? எப்பவோ போயிருப்பினம்."

"விசர்க் கதை கதையாதை. சொல்லாமல் போகுங்களோ? கேட்டு வந்ததுகள். திங்கள் மட்டும் நிப்பம் எண்டு எனக்குச் சொன்னதுகள்." பிறகு கொஞ்சம் தணிந்து, "நாலு ரொட்டி சுட்டனான். குடுத்து, பாலத்துப் பக்கம் வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டு ஓடி வந்திடுவன். சரி வை. போட்டு வாறன்."

"ம், போட்டு வாங்கோ" என்றேன்.

எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனார். அவரை நான் அதில் குறை சொல்ல முடியாது.

பிறகு போன் எடுக்கவில்லை. எத்தனை தரம் அடித்தும் எடுக்கவில்லை. லென்ஸ்மானுக்குச் சொன்னேன். அவர்தான் போய்ப் பார்த்தார். பாலத்தில் பாதி இல்லை. கொஞ்சம் கீழே, ஆறு திரும்புகிற இடத்தில், கல்லுகளுக்கிடையில் மாமி கிடந்தார். தலையில் அடி. குடை ஒரு மரத்தில் மாட்டிக் கிடந்ததாம். எங்கள் பக்கத்துக் கரையில் ஒரு பேர்ச் கிளையில் பிளாஸ்டிக் பை தொங்கியதாம். முதலில் பலகையைக் குத்திப் பார்த்துவிட்டு வந்து எடுக்கலாம் என்று கொழுவியிருப்பார். உள்ளே நாலு ரொட்டியும் நனையாமல் இருந்தன.

அந்தப் பக்கத்தில் கூடாரம் இல்லை.

ஒருவரும் இல்லை. லென்ஸ்மான் பிறகு விசாரித்துச் சொன்னார், சனிக்கிழமை மழை தொடங்கின உடனேயே இரண்டு பேர் பெரிய பைகளோடு காட்டுப் பாதையால் போனதைக் கண்டவர்கள் உண்டாம், ஆனால் அவர்கள் யாரென்று ஒருவருக்கும் தெரியாதாம். மாமியை எடுத்த மறுநாள், தண்ணி குறைந்தபிறகு, நான் போய்ப் பார்த்தேன். புல்லு ஒரு சதுரமாகப் படிந்து கிடந்தது, அவ்வளவுதான். ஒரு கடதாசித் துண்டுகூட இல்லை. வந்த அடையாளமே தெரியாமல் போவது இந்த நாட்டில் நல்ல பழக்கம். நான் அந்தச் சதுரத்தில் நின்று "ஆரும் இருக்கிறியளோ" என்று கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று தெரியாது.

லென்ஸ்மான் ரொம்சோஸுக்கு வந்தது செத்தவீடு முடிந்த கிழமை. சித்தப்பாவும் இருந்தார். சித்தப்பாவின் கண் இரண்டும் வீங்கியிருந்தது, அதோடே வழக்குப் பேசினார். அவர்கள் திங்கள் மட்டும் நிற்பதாகச் சொன்னவர்கள், சொல்லாமல் போனபடியால்தான் அக்கா போனார், அவர்கள்தான் பொறுப்பு என்றார். போவதைச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்றார் லென்ஸ்மான்.

"அப்ப ஏன் வரும்போது மட்டும் கேட்டார்கள்?" என்று நான் கேட்டேன்.

"இரண்டு இரவுக்கு மேல் தங்குவதென்றால் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். அவர்கள் மூன்று இரவு நிற்க நினைத்தார்கள். அதனால் கேட்டிருக்கிறார்கள்."

மாமி அந்தப் பெண்ணின் தலையைத் தடவினது கண்ணுக்குள் வந்தது. தாய் தேப்பன் என்ன வடிவா வளத்திருக்கினம்.

சித்தப்பா விடவில்லை. "சரி, பாலம்? பாலத்துக்கு யாராவது பொறுப்பாக இருக்க வேண்டுமே?"

"பாலத்துக்குக் காணிச் சொந்தக்காரர் பொறுப்பு."

"சொந்தக்காரர்தானே செத்தது!"

"ஆம்," என்றார் லென்ஸ்மான். தேத்தண்ணியை மேசையில் வைத்தார். "அதனால்தான் சொல்கிறேன். ஒருவரும் இல்லை."

போகும்போது வாசலில் நின்று, நான் போகிறேன் என்று சொன்னார். மாமி அவருக்குப் பழக்கியது.

குளிர்காலம் முழுக்க நான் பேக்கரியில் தட்டு அடுக்கிக்கொண்டே நொர்வேஜிய மொழியில் பேச்சுப் பாடமாக்கினேன். அந்தச் சிவப்புத் தொப்பியை எங்கேயாவது கண்டால் சொல்வதற்கு. ரயிலில், கடையில், எந்தச் சிவப்புத் தொப்பியைக் கண்டாலும் கிட்டப் போய் முகத்தைப் பார்த்தேன். எங்கள் மொழியில் இல்லாத கெட்ட சொல்லெல்லாம் அந்த மொழியில் சேர்த்து வைத்திருந்தேன். யாரையாவது பிடித்துத் திட்டாவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும் போலிருந்தது.

அடுத்த கோடையில் ஹித்தையை விற்பதென்று சித்தப்பா முடிவெடுத்தார். சாமான்களை ஒதுக்க நான் போனேன். மாமியின் தட்டகப்பையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது.

சிவப்புத் தொப்பி. பின்னால் தாடிக்காரன்.

"மூன்று இரவு தங்கலாமா?" என்று கேட்டுவிட்டு, அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அந்த அம்மா எங்கே? நாங்கள் எல்லாருக்கும் அவவின் ரொட்டியைப் பற்றித்தான் சொல்கிறோம்."

குளிர்காலம் முழுக்கப் பாடமாக்கினதைத் தேடினேன்.

"நீங்கள் போனமுறை சொல்லாமல் போனீர்கள்," என்றேன். அதுமட்டும்தான் வந்தது.

அவளுக்கு முகம் மாறியது. "ஐயோ, அது எங்களுக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. மழை பிடித்ததால் கெதியாகக் கிளம்பினோம். சொல்லத்தான் வந்தோம். இந்த ஜன்னலால் பார்த்தோம், அம்மா அந்தக் கதிரையில் நல்ல நித்திரை. வாயைத் திறந்தபடி. பாவம், களைத்துப் போய்ப் படுக்கிறா, எழுப்பித் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று..."

தாடிக்காரன் தலையாட்டினான். "நான் கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். இவள்தான் பிடித்துக்கொண்டாள்."

நான் திரும்பி அந்தக் கதிரையைப் பார்த்தேன்.

வந்திருக்கிறார்கள். இந்த வாசல்மட்டும் வந்திருக்கிறார்கள். மாமி உள்ளே குறட்டை விட்டிருக்கிறார். ஒரு கை தூக்கி, தட்டாமல் இறங்கியிருக்கிறது.

அவர்களுக்கு நான் சொல்லவில்லை. சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண் மாமியின் கதிரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவ இப்போது இங்கே இல்லை என்றேன். வந்தால் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றாள். சரி என்றேன்.

"அந்தப் பக்கம் போகவேண்டாம். பாலம் இல்லை," என்றேன். "இங்கே, வீட்டோடு போடுங்கள்."

வீட்டுக்கு இவ்வளவு கிட்டவா என்று தாடிக்காரன் தயங்கினான். சொந்தக்காரர் விட்டால் போடலாம்தானே என்றேன். "ஒன்று மட்டும் செய்யுங்கள். போகும்போது எனக்குச் சொல்ல வேண்டும். நான் நித்திரையென்றாலும் தட்டுங்கள். பலமாகத் தட்டுங்கள்."

இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பிறகு அவள் தலையாட்டினாள்.

மூன்று இரவும் எனக்குச் சரியான நித்திரையில்லை. போகிற நாள் காலமை நான் குசினியில் நின்றேன். கதவில் மூன்று அடி, வீடே அதிர்ந்தது. திறந்தேன். பைகளை முதுகில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நாங்கள் போகிறோம்," என்றாள்.

"ம், போட்டு வாங்கோ," என்றேன். தமிழில்தான் வந்தது. அவளுக்கு விளங்கவில்லை. என்றாலும் கையைத் தூக்கிக் காட்டினாள். மரங்களுக்கிடையில் சிவப்புத் தொப்பி மறையுமட்டும் வாசலில் நின்றேன்.

பிறகு உள்ளே வந்து, ஜன்னலோரத்துக் கதிரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"பிள்ளையள் சொல்லிப்போட்டுப் போட்டுதுகள் மாமி. நீங்கள் போய்ப் பாக்கத் தேவையில்லை."